அரை டிகிரியா, பத்தில் ஒரு டிகிரியா? வெப்ப சென்சார் சிப்கள் வாங்கும் முன்

விசிறி பொருத்திய கோழிமுட்டை இன்குபேட்டருக்குள் 37.5 டிகிரி நிற்க வேண்டும். ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை), ஒரு ரிலே (அது இயக்கும் மின் சுவிட்ச்), ஒரு பல்பு, ஒரு வெப்ப சென்சார் இருந்தால் போதும் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். கடையில் சென்சார் கேட்டால் முதலில் கையில் திணிக்கப்படுவது நீல நிறப் பெட்டி மாதிரி இருக்கும் டிஎச்டி11. அதன் பிழை வரம்பு ±2 டிகிரி. திரையில் 37 என்று தெரியும்போது உள்ளே 35 இருக்கலாம், 39 இருக்கலாம். இரண்டிலும் முட்டைக்கு ஆபத்து. ஆகவே அதை இந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே போகலாம்.

இந்த 37.5 டிகிரி வேலையை உரைகல்லாக வைத்துக்கொண்டு, நம் ஊரில் கிடைக்கும் சிப்களைப் பார்ப்போம். தடுப்பூசி வைக்கும் 2 முதல் 8 டிகிரி குளிர்பெட்டி, மாவு புளிக்க வைக்கும் பெட்டி, மீன்தொட்டி என்று வேறு எதற்கானாலும் கணக்கு இதேதான்.

சிப்பை விட முதலில் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, படிக்கத் தெரிய வேண்டும். "12 பிட், 0.0625 டிகிரி" என்று விளம்பரத்தில் போடுவது ரெசல்யூஷன். அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்பதை அது சொல்லும். அளவுகோலே கால் அங்குலம் குட்டையா என்பதைச் சொல்லாது. துல்லியம் தனி வரியில் இருக்கும், அதிலும் இரண்டு எண்கள் உண்டு. வழக்கமான மதிப்பு என்பது பெரும்பாலான சிப்கள் எங்கே விழுகின்றன என்பதைக் காட்டுவது. உச்ச வரம்பு என்பது தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவது. நீங்கள் வாங்குவது ஒரே ஒரு சிப் என்றால் உச்ச வரம்பைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரம்பு எந்த வெப்பநிலைக்குள் செல்லும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மேக்ஸ்30205 என்று ஒரு சிப் உண்டு; ±0.1 டிகிரி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 37 முதல் 39 டிகிரி வரைக்கும் மட்டும், அதாவது உடல் சூட்டை அளக்க. இன்குபேட்டருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அதையே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் அந்த 0.1 கணக்கில் வராது.

இன்னொன்று. வேறு வேலைக்காக இருக்கும் சிப்புக்குள் இலவசமாகக் கிடைக்கும் வெப்பநிலையை நம்ப வேண்டாம். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் உள் சென்சார் சீர்செய்யாமல் ±10 டிகிரி வரை தவறும். டிஎஸ்3231 கடிகார சிப்பில் இருப்பது ±3 டிகிரி. பிஎம்ஈ280 காற்றழுத்த சிப்பில் உள்ளது, அழுத்தக் கணக்கைச் சரிசெய்வதற்காக வைத்தது. 0 முதல் 65 டிகிரி வரை ±1 டிகிரி. வானிலை பெட்டிக்கு அது பரவாயில்லை, கோழிக்குஞ்சுக்கு ஆகாது.

எல்எம்35 இன்னும் கல்லூரி புராஜெக்ட்களின் செல்லப்பிள்ளை. ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், மூன்று கால், லைப்ரரி (ஆயத்த நிரல்) எதுவும் வேண்டாம். சிப் மேல் பெரிய குறை இல்லை. பிரச்சினை அதை அளக்கும் பக்கத்தில். ஊனோவின் 10 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 5 வோல்ட்டை 1024 பங்காகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட அரை டிகிரி. அதைவிட மோசம், நிரலில் 5 வோல்ட் என்று எழுதியிருப்போம், யூஎஸ்பி கேபிளில் 4.75 வோல்ட்தான் வந்திருக்கும். அப்போது 30 டிகிரி 31.6 ஆகத் தெரியும். மொபைல் சார்ஜரில் ஒரு அளவு, லேப்டாப்பில் இன்னொரு அளவு காட்டுகிறதே என்று புலம்புவோருக்கு விடை இதுதான்.

தீர்வு உண்டு: ஏடிசி ஒப்பிட்டு அளக்கும் வோல்டேஜை, அதாவது ரெஃபரன்ஸை, சப்ளையிலிருந்து சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஒரு படி 0.1 டிகிரிக்குச் சற்று மேல் என்று ஆகிவிடும், சப்ளை ஏற்ற இறக்கமும் பாதிக்காது. ஆனால் அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்த நிலையில் ஏரெஃப் காலில் மல்டிமீட்டர் வைத்து அளந்து, கிடைத்த எண்ணை நிரலில் போட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மலிவான எல்எம்35டி வகையின் உச்ச வரம்பு 25 டிகிரியில் ±1.5. ஈஎஸ்பி32 (3.3 வோல்ட்டில் ஓடும் வைஃபை பலகை) வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்: எல்எம்35க்குக் குறைந்தது 4 வோல்ட் சப்ளை வேண்டும், பழைய ஈஎஸ்பி32இன் ஏடிசியோ அடிமட்டத்து 100 மில்லிவோல்ட் அளவைச் சுழியமாகவே படிக்கும். 10 டிகிரிக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. 3.3 வோல்ட்டில் அனலாக்தான் வேண்டும் என்றால் டிஎம்பி36 எடுங்கள், அது 2.7 வோல்ட்டிலிருந்து ஓடும், 500 மில்லிவோல்ட் மேலேற்றி வைத்திருப்பதால் மைனஸ் டிகிரியையும் காட்டும்.

10 கிலோஓம் தெர்மிஸ்டர் ஐந்து பத்து ரூபாய் சமாச்சாரம், ஆனால் கேலி செய்யக்கூடியதல்ல. பீட்டா (வெப்பத்துக்கேற்ப மின்தடை எவ்வளவு மாறும் என்பதைக் குறிக்கும் எண்) 3950 வகையில் அறைச்சூட்டருகே ஒரு டிகிரிக்கு 4.4 சதவீதம் மின்தடை மாறும். 1 சதவீதத் தரத்தில் வாங்கினால் 25 டிகிரியில் பிழை கால் டிகிரிக்குள். கூட ஒரு 0.1 சதவீத 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, இரண்டும் சேர்ந்த வோல்டேஜ் பிரிப்பானுக்குத் தரும் வோல்டேஜையே ஏடிசிக்கு ரெஃபரன்ஸாகவும் வைத்தால் சப்ளை பிழை தானாக அடிபட்டுப் போகும். மறக்கக் கூடாத ஒன்று, 5 வோல்ட்டை எப்போதும் கொடுத்து வைத்தால் 25 டிகிரியில் தெர்மிஸ்டருக்குள் 0.6 மில்லிவாட் எரிகிறது. சிறிய மணி வகைக்கு அதுவே அரை டிகிரி வரை சுட வைக்கும். அளக்கும்போது மட்டும் நிரலால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய ஒரு ஜிபிஐஓ காலிலிருந்து மின்சாரம் கொடுங்கள்.

இனி டிஎஸ்18பி20. இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் விற்பது இதுதான், அதிகம் போலி வருவதும் இதில்தான். காகிதத்தில் நல்ல சிப்: மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை ±0.5, 3 முதல் 5.5 வோல்ட், ஒரே டேட்டா வயரில் பல சென்சார், ஒவ்வொன்றுக்கும் 64 பிட் அடையாள எண், தரவோடு பிழைச் சோதனை. ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து ஒரு மீட்டர் கேபிளோடு நூறு ரூபாய் சுமாருக்கு எங்கும் கிடைக்கிறது. அந்த விலையில் உள்ளே இருப்பது அசல் சிப்பாக இருந்தால் ஆச்சரியம்தான்.

அசலைக் கண்டுபிடிக்க எளிய வழி அடையாள எண்ணைப் படித்துப் பார்ப்பது. எட்டு பைட்டில் முதல் பைட் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 28, ஆறாவதும் ஏழாவதும் 00. இந்த அச்சில் இல்லாவிட்டால் போலி என்று எடுத்துக்கொள்ளலாம். அச்சில் இருந்தால் அசல் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலான போலிகள் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும். போலி என்றால் வேலையே செய்யாது என்று பொருளில்லை. சில ஓரளவு சரியாகவே காட்டும், சில ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும், சில, தனி சப்ளை வயர் இல்லாமல் டேட்டா வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இரண்டு வயர் இணைப்பில் அடியோடு படுத்துவிடும். எதில் எந்தக் கோளாறு என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்காது, வம்பு அங்கேதான்.

அசலோ போலியோ, இதில் வரும் பிழைகளுக்கு முகம் உண்டு. 85.00 என்று காட்டினால் சென்சார் இன்னும் அளக்கவே இல்லை; மின்சாரம் வந்ததும் சிப்பின் வெப்பநிலைப் பதிவேட்டில் (அளவு சேமிக்கப்படும் நினைவிடத்தில்) இருக்கும் தொடக்க எண் அது. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை காத்திருக்காமல் படித்திருப்பீர்கள், அல்லது அளக்கும் நடுவில் சப்ளை ஒரு நொடி விழுந்து எழுந்திருக்கும். மைனஸ் 127 என்றால் வழக்கமான ஆர்டுயினோ லைப்ரரி "சென்சாரே காணோம்" என்று சொல்கிறது: 4.7 கிலோஓம் புல்-அப் (டேட்டா வயரைச் சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) விட்டுப்போயிருக்கும் அல்லது பிரெட்போர்டில் கால் ஆடியிருக்கும். இந்த இரண்டு எண்ணையும் நிரலில் வடிகட்டாமல் ரிலேவுக்குக் கொடுத்துவிட்டால், மைனஸ் 127 வந்த நொடியிலிருந்து பல்பு அணையவே அணையாது. காலையில் அவித்த முட்டைதான். இப்படிப்பட்ட எண் வந்தால் பல்பை அணைத்து பஸ்ஸரை அடிக்கச் சொல்லும் வரி கட்டாயம் இருக்கட்டும்.

அளக்கும்போது இந்தச் சிப் 1 மில்லிஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட்டில் 5 மில்லிவாட். இடைவிடாமல் படித்துக்கொண்டே இருந்தால் அசையாத காற்றில் தன் சூட்டைத் தானே சேர்த்துக் காட்டும். பத்து நொடிக்கு ஒருமுறை போதும், முட்டை எங்கும் ஓடிவிடாது.

என்னதான் குறை சொன்னாலும் ஒரு விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. சென்சார் பத்து இருபது மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் இருக்க வேண்டுமென்றால் டிஎஸ்18பி20தான். நீளமான கேபிளுக்குப் புல்-அப்பை 2.2 கிலோஓம் ஆகக் குறையுங்கள், மூன்று வயர் இணைப்பையே பயன்படுத்துங்கள், கிளை கிளையாகப் பிரிக்காமல் ஒரே கோடாக ஓட்டுங்கள். ஸ்டீல் குழாயை முழுவதும் மூழ்கவிட்டு, கூடவே பத்து சென்டிமீட்டர் கேபிளையும் உள்ளே விடுங்கள். இல்லையென்றால் வெளிக்காற்றின் சூடு செம்பு வழியாக உள்ளே இறங்கும்.

துல்லியம் கொஞ்சம் கூட வேண்டும், செலவு ஏறக் கூடாது என்றால் எம்சிபி9808. மைக்ரோசிப் தயாரிப்பு. மைனஸ் 20 முதல் 100 டிகிரி வரை வழக்கமாக ±0.25, உச்ச வரம்பு ±0.5. காகிதத்தில் டிஎஸ்18பி20க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் தெரியும், ஏனென்றால் போலித் தொல்லை குறைவு. சரிபார்க்கவும் வசதி: தயாரிப்பாளர் பதிவேட்டைப் படித்தால் 0054, சிப் பதிவேட்டில் 0400 வர வேண்டும். 2.7 முதல் 5.5 வோல்ட், 200 மைக்ரோஆம்பியர், ஒரே ஐ2சி தடத்தில் (பல சிப்கள் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வயர் இணைப்பு) எட்டு சென்சார் வரை மாட்டலாம். சொந்தமாக நிரல் எழுதுவோர் வழக்கமாக விழும் குழி ஒன்று: வெப்பநிலைப் பதிவேட்டின் மேல் மூன்று பிட்டும் எச்சரிக்கைக் கொடிகள். அவற்றை மறைக்காமல் கணக்குப் போட்டால் சில நேரம் சரியாகவும் சில நேரம் ஆயிரக்கணக்கிலும் எண் வரும். சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

டிஎம்பி117 இந்தக் கூட்டத்தின் ராஜா. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப். மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை ±0.1, அதுவும் உச்ச வரம்பு. நாம் சீர்செய்ய வேண்டியதில்லை, தொழிற்சாலையிலேயே செய்து வருகிறது. 16 பிட், ஒரு படி 0.0078 டிகிரி, வந்த எண்ணை 128ஆல் வகுத்தால் டிகிரி. நொடிக்கு ஒரு அளவீட்டில் சராசரியாக 3.5 மைக்ரோஆம்பியர்தான், ஆகவே பேட்டரியில் ஓடுவதற்கும் ஏற்றது. நான்கு ஐ2சி முகவரிகள், ஹெக்ஸ் 48இலிருந்து. அடையாளப் பதிவேட்டில் 0117 என்றே எழுதியிருக்கும். மின்சாரம் கொடுத்த உடனே படித்தால் மைனஸ் 256 வரும். டிஎஸ்18பி20இன் 85 மாதிரி இதுவும் தொடக்க எண்தான், முதல் அளவீடு முடியும்வரை பொறுத்தால் போதும்.

குறை, விலையும் அளவும். தரமான மாட்யூல் (சிப்பைச் சிறு பலகையில் ஒட்டி வருவது) ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சிப்பை மட்டும் வாங்கினால் 2 மில்லிமீட்டர் சதுரம், கால்கள் அடியில் ஒளிந்திருக்கும். சாதாரண சால்டரிங் அயர்ன் வைத்து ஒட்டுவது வீண் முயற்சி, சூடான காற்று வேண்டும். சொந்த பிசிபி போடுவோருக்கு இன்னொரு நுட்பம்: நடுவில் உள்ள வெப்பப் பட்டையைச் சால்டர் செய்தால் பலகையின் சூடு நன்றாக ஏறும், ஆனால் பலகை வளையும்போது அந்த அழுத்தம் சிப்பின் அளவையே நகர்த்தும். முழுத் துல்லியம் வேண்டுமானால் அந்தப் பட்டையைச் சால்டர் செய்யாமல் விடுவது மேல்.

சென்சிரியானின் எஸ்எச்டி45 ஈரப்பதமும் சேர்த்துத் தருவதால் இன்குபேட்டர்காரர்களுக்கு ஆசை காட்டும். ±0.1 என்று போட்டிருப்பது வழக்கமான மதிப்பு, டிஎம்பி117இன் 0.1 போல உச்ச வரம்பு அல்ல. இருந்தாலும் நல்ல சிப். டிஎச்டி11இன் மேம்பட்ட வகையான டிஎச்டி22க்குக் கொடுக்கும் காசோடு கொஞ்சம் சேர்த்து இதையோ எஸ்எச்டி40ஐயோ வாங்குவது புத்திசாலித்தனம். உள்ளே ஒரு சிறிய ஹீட்டர் இருக்கிறது, ஈரம் படிந்தால் உலர்த்த. அதை இயக்கிய கையோடு வெப்பநிலையைப் படித்துவிட்டுச் சிப்பைத் திட்டக் கூடாது.

பிடி100 பிளாட்டினம் சென்சாரும் அதன் மின்தடையை அளக்கும் மேக்ஸ்31865 சிப்பும் சேர்ந்த ஜோடி 100 டிகிரிக்கு மேலே போகும் வேலைகளுக்கு. அறைச்சூட்டில் அதற்குக் கொடுக்கும் காசுக்கு டிஎம்பி117 நன்றாகவே அளக்கும். வாங்கினால் மாட்யூலில் இருக்கும் ரெஃபரன்ஸ் ரெசிஸ்டரைப் பார்த்து, 430 என்றால் 430, 400 என்றால் 400 என்று நிரலில் மாற்றுங்கள். தப்பாகப் போட்டால் பல டிகிரி தள்ளிப்போகும்.

சரி, ±0.1 சிப் வாங்கியாகிவிட்டது. அதை ஈஎஸ்பி32 பக்கத்தில் அதே பலகையில் நட்டு, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் அறைக்காற்றை விட மூன்று நான்கு டிகிரி கூடக் காட்டும். சிப் பொய் சொல்லவில்லை. தன் சூட்டைத்தான் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் சென்சாரின் துல்லியம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பாழாகிறது. சென்சாரைப் பத்து இருபது சென்டிமீட்டர் மெல்லிய வயரில் வெளியே எடுங்கள். தடித்த வயர் வேண்டாம், செம்பு சூட்டையும் கடத்தும். மாட்யூலில் எப்போதும் எரியும் சின்ன எல்ஈடி இருந்தால் அதைப் பெயர்த்து எடுங்கள்: 3.3 வோல்ட்டில் 2 மில்லிஆம்பியர் என்றால் 6.6 மில்லிவாட், டிஎம்பி117 அளக்கும்போது எரிப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், அதுவும் சிப்புக்கு அரை விரல் தூரத்தில். இன்குபேட்டருக்குள் முட்டை மட்டத்தில் தொங்கவிடுங்கள், ஆனால் பல்பின் வெளிச்சம் நேராகப் படாமல். பல்பின் கதிர் பட்டால் சென்சார் காற்றை விடச் சூடாகும், முட்டைகள் குளிரில் இருக்கும்.

சராசரி எடுத்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு: சராசரி எடுத்தால் கடைசி இலக்கம் ஆடுவது நிற்கும். ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டும் சென்சாரை ஆயிரம் முறை படித்துச் சராசரி எடுத்தாலும் ஒரு டிகிரி கூடுதலாகவே வரும்.

அதைப் பிடிக்க வீட்டிலேயே சோதிக்கலாம். ஆர்ஓ அல்லது வடிநீரில் செய்த ஐஸை சர்பத்துக்கு நொறுக்குவது போல் நொறுக்கி, ஃப்ளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். ஸ்டீல் முனையை நடுவில் வைத்துக் கிளறி, பத்து நிமிடம் கழித்துப் படித்தால் 0 வர வேண்டும். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதக்கவிட்டால் போதாது. அடியில் தேங்கும் நீர் 4 டிகிரி வரை இருக்கும். கொதிநீர்ச் சோதனை மலைவாசிகளை ஏமாற்றும்: சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 92.5 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். சென்னையிலும் காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கொதிநிலை கால் டிகிரிக்கு மேல் இறங்கும்.

இன்குபேட்டருக்கு இவை இரண்டையும் விட நல்ல ஒப்பீடு மருந்துக்கடையில் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டரின் பிழை வரம்பு அதன் உடல் சூட்டு எல்லைக்குள் ±0.1 டிகிரி. ஃப்ளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெந்நீர் எடுத்து, இரண்டு முனைகளையும் ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, கிளறிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. ஆகவே அது பீப் அடித்த அந்த நேரத்துச் சென்சார் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆறும் நீரோடு ஒப்பிடாதீர்கள். திறந்த மாட்யூலாக இருந்தால் மெல்லிய பாலித்தீன் பைக்குள் காற்றை நீக்கி இறுக்கிக் கட்டி இறக்குங்கள், வயரையும் கொஞ்சம் நீருக்குள் விடுங்கள். மூன்று முறை செய்து சராசரியாக வரும் வித்தியாசத்தை நிரலில் கழித்துவிடலாம். டிஎம்பி117இல் இதற்கென்றே தனிப் பதிவேடு இருக்கிறது, மின்சாரம் போனாலும் அழியாதபடி சிப்பிலேயே எழுதி வைக்கலாம். 0 டிகிரியில் கண்ட பிழையை 37.5க்குப் பயன்படுத்த வேண்டாம். இரண்டு இடத்திலும் பிழை ஒன்றாக இருக்காது.

இந்தச் சோதனையை முடித்த டிஎஸ்18பி20 ஒன்று, இன்குபேட்டர் வேலைக்குச் சோதிக்காத பெரும்பாலான சிப்களை விட நம்பகமானது, அது போலியே ஆனாலும். சோதிக்கப் பொறுமை இல்லாதவர், அல்லது பத்துப் பெட்டி செய்து விற்கப் போகிறவர், டிஎம்பி117க்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் வெந்நீரில் முக்கிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் ஒரே ஒரு பெட்டி, அரை டிகிரிக்குள் இருந்தால் போதும் என்றால் எம்சிபி9808. மீன்தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஸ்டீல் உறை டிஎஸ்18பி20.

ஐ2சி சென்சார் எதை எடுத்தாலும் கேபிளை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் 100 கிலோஹெர்ட்ஸ் போதும். பல மாட்யூல்களை ஒரே தடத்தில் மாட்டும்போது ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே 10 கிலோஓம் புல்-அப் இருக்கும். நான்கு சேர்ந்தால் 2.5 கிலோஓம். அதற்கு மேல் நீங்கள் வேறு ஒன்று போட வேண்டாம்.